கட்டணம் இல்லை, ஊருக்குப் பக்கம், வேகம் மட்டும் கேட்காதீர்கள்: நுகர்வோர் ஆணையத்தில் மருந்துப் பிழை வழக்கு

மருந்து மாறியோ அளவு தப்பியோ இதயம் பாதிக்கப்பட்டால், இழப்பீடு கேட்டுப் போக இந்தியாவில் செலவு குறைந்த இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். சிவில் கோர்ட்டில் கேட்கிற தொகைக்கு ஏற்ப முத்திரைக் கட்டணம் ஏறும். இங்கே கணக்கு வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்து முடிவாகிறது. பில் 3 லட்சம், கேட்பது 80 லட்சம் என்றாலும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பில் 5 லட்சத்தைத் தாண்டினால் 200 ரூபாய், 10 லட்சத்தைத் தாண்டினால் 400, 20 முதல் 50 லட்சம் வரை 1000. அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம்.

மருத்துவமனை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதும் இல்லை. சிகிச்சை சென்னையில், வீடு தேனியில் என்றால் தேனியிலேயே வழக்குப் போடலாம். புகாரை இணையத்திலேயே ஏற்ற, இ-ஜாக்ரிதி தளம் 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. முன்பு இருந்த இ-தாகில் இதற்குள் வந்துவிட்டது. மொபைல் எண் கொடுத்து ஓடிபி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பொருளடக்கம், தேதிவாரி நிகழ்வுப் பட்டியல், தரப்பினர் விவரம், நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தோடு புகார், ஆதாரங்கள் என வரிசையாக ஏற்றலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் இந்த வகை வழக்கை வக்கீல் இல்லாமல் நடத்துவது, கூகுள் பார்த்து இசிஜி படிப்பது மாதிரி.

வசதிகள் இவ்வளவுதான். வழக்கு நிற்குமா என்பது தளத்துக்கு வருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

புகாரின் முதல் பத்தியிலேயே பலர் சறுக்குவது 'மாரடைப்பு' என்ற சொல்லில். இதய ரத்தக்குழாய் அடைபட்டுத் தசை சாவது மாரடைப்பு. இதயம் துடிப்பதே நின்றுபோவது கார்டியாக் அரெஸ்ட். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் மருந்துப் பிழை வேறு, ஆதாரமும் வேறு. மாரடைப்பு என்றால் இசிஜியும், சில மணி நேர இடைவெளியில் எடுத்து ஏறி இறங்குவதைக் காட்டும் டிரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவுகளும் வேண்டும். அரெஸ்ட் என்றால் மானிட்டர் பட்டைகளும் (இதயத் துடிப்பின் அச்சுப் பதிவு), சிபிஆர் எனும் மார்பை அழுத்தும் முதலுதவி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்ற குறிப்பும் வேண்டும். இறப்புக் காரணச் சான்றில் வெறுமனே 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதியிருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. எல்லோருக்கும் கடைசியில் நிற்பது இதயமும் மூச்சும்தான். அது ஏன் நின்றது என்பதுதான் கேள்வி.

அரெஸ்ட் வகைக்குப் பாடப்புத்தக உதாரணம் கேசிஎல், அதாவது பொட்டாசியம் குளோரைடு ஊசி. 15 சதவீத 10 மில்லி ஆம்பூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. அதை 500 மில்லி சலைனில் கலந்து, சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகாமல் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ஒரே தட்டில் ஸ்டெரைல் வாட்டர், சலைன், கேசிஎல் மூன்றும் 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பூல்களாகக் கிடக்கும்போது, வென்ஃப்ளானை, அதாவது நரம்பில் செருகிய ஊசிக் குழாயை, ஃப்ளஷ் செய்து சுத்தப்படுத்தக் கை தவறுதலாக கேசிஎல்லை எடுத்தால், சில நிமிடங்களில் துடிப்பு நின்றுவிடும். அடர் பொட்டாசியத்தை வார்டு அலமாரிகளிலிருந்தே அகற்றச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே அறிவுறுத்தியது. இங்கே ஒரு கொடுமை உண்டு. பிரேதப் பரிசோதனையில் இதைப் பிடிக்க முடியாது. இறந்தபின் செல்கள் உடைந்து, ரத்தத்தில் பொட்டாசியம் தானாகவே ஏறிவிடும். எனவே ஆதாரம் வெளியே இருக்கிறது: வார்டு மருந்து இருப்புக் கணக்கு, ட்ரக் சார்ட்டில் (எந்த மருந்து எப்போது கொடுத்தார்கள் என்ற பதிவு) நேரம் போட்ட கையெழுத்து, பொட்டாசியம் ஏறியதன் அடையாளமாக டி அலை கூர்ந்து உயர்ந்து கியூஆர்எஸ் அலை அகன்ற மானிட்டர் பட்டை. புகாரில் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாரடைப்பு வகையில் சத்தமில்லாமல் நடப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் விடுபடுவது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவருக்குப் பொதுவாக ஒரு வருடம் ஆஸ்பிரினும் கூடவே குளோபிடோக்ரல் அல்லது அதே வேலை செய்யும் டிகாக்ரெலரும் ஓட வேண்டும். தொடக்க மாதங்களில் இரண்டாவது மருந்து நின்றால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். எப்படி நிற்கும்? டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத விட்டுப்போகும். பல் பிடுங்கவோ கண் ஆபரேஷனுக்கோ 'நிறுத்துங்க' என்று இதய மருத்துவரைக் கேட்காமல் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது, மெடிக்கல் ஷாப். ஈகோஸ்பிரின் ஏவி என்றால் ஆஸ்பிரினும், கொலஸ்ட்ரால் குறைக்கும் அடோர்வாஸ்டாடினும். ஈகோஸ்பிரின் கோல்டு என்றால் அவற்றோடு குளோபிடோக்ரலும். பெயரின் வால் மாறினால் ஸ்டென்ட்டைக் காக்கும் மருந்தே போச்சு, நோயாளிக்குத் தெரியவும் தெரியாது. சீட்டில் எழுதியதற்குப் பதில் வேறொன்றைத் தானாக மாற்றிக் கொடுக்க மருந்துக் கடைக்கு உரிமை இல்லை, 1945 மருந்து விதிகளின் 65-வது விதி அதைத் தடுக்கிறது. கடைக்கு எதிராக வழக்கு என்றால் சீட்டு, பில், மிச்சமிருக்கும் மாத்திரை அட்டை மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பில்லிலும் அட்டையிலும் பேட்ச் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். காலி அட்டையைக் குப்பையில் போட்டவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

மெட்டோப்ரோலால், அடினோலால் போன்ற பீட்டா பிளாக்கர்களை (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள்) திடீரென நிறுத்துவது, தைராய்டு மாத்திரை 25 மைக்ரோகிராமுக்குப் பதில் 125 போவது, இதய நோயாளிக்கு வாரக்கணக்கில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை கொடுப்பது ஆகியவையும் இதே பட்டியல்தான். ஆனால் இவற்றில் 'ஏற்கெனவே அடைப்பு இருந்தது' என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். தவறு நடந்தது என்பதைக் காட்டுவதைவிட, அந்தத் தவறால்தான் பாதிப்பு வந்தது என்பதைக் காட்டுவது கடினம். அதற்கு, மருந்து தொடங்கிய அல்லது நின்ற தேதியும் அறிகுறி தொடங்கிய நேரமும் அடுத்தடுத்த வரிகளாக நிகழ்வுப் பட்டியலில் நிற்க வேண்டும்.

ஆவணம் கேட்கும் முறை: டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. உள்நோயாளிக் கோப்பு முழுவதும், ட்ரக் சார்ட், நர்ஸ் குறிப்புகள், ஐசியூ ஃப்ளோ சார்ட் என ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். 2002 மருத்துவ நெறிமுறைப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். கேட்டும் தராதது வழக்கில் உங்களுக்குச் சாதகமான தனிப் புள்ளி.

ஆணையத்தின் பலவீனம் காலம். சட்டம் 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்கிறது. நடைமுறையில் ஆண்டுக்கணக்கு. அளவுப் பிழைக்கு அதிகம் பேசப்பட்ட அனுராதா சாஹா வழக்கில், நீண்ட இடைவெளியில் போட வேண்டிய டெப்போமெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசியை நாளுக்கு இருமுறை 80 மில்லிகிராம் வீதம் போட்டார்கள். இறப்பு 1998-ல், உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு அறிவித்தது 2013-ல். அது இதய வழக்கு அல்ல. ஆனால் மருந்தின் பரிந்துரை அளவை வைத்தே ஒரு வழக்கு எழுந்து நிற்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. எதிர்த்தரப்பு பதிலை இழுத்தடிக்க மட்டும் இப்போது வழியில்லை: 30 நாள், மேலும் 15 நாள், அத்தோடு கதவு மூடப்படும். சமரசத்துக்குப் போகச் சொன்னால், மரணமோ கொடுங்காயமோ விளைந்த மருத்துவ அலட்சிய வழக்குகளை 2020 சமரச விதிகள் விலக்கியிருப்பதை எடுத்துக்காட்டலாம்.

நிபுணர் கருத்து வேண்டுமா? 2010 கிஷன் ராவ் தீர்ப்புப்படி எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை. கேசிஎல்லை நேரடியாக ஏற்றியது போன்றவை தானே பேசும். பீட்டா பிளாக்கரை நிறுத்தியது போன்றவற்றுக்கு ஒரு இதய மருத்துவரின் எழுத்துக் கருத்து இல்லாமல் போவது வீண். எந்த நர்ஸ், எந்த டியூட்டி டாக்டர் என்று பெயர் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். மருத்துவமனையை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தாலே போதும் என்று 2004 சவிதா கார்க் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. 'சிக்கலான விஷயம், சிவில் கோர்ட்டுக்குப் போ' என்ற வாதத்துக்கு 2002-ன் ஜே.ஜே. மெர்ச்சன்ட் தீர்ப்பு பதில்.

யாருக்கு இந்தச் சேவை இல்லை? எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நோயாளிகளுக்கு. 1995 சாந்தா தீர்ப்பு அவர்களை வெளியே வைத்துவிட்டது. அவர்களுக்கு சிவில் வழக்கோ, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோதான். பணத்தை இன்சூரன்ஸ் கட்டியிருந்தால் அது கட்டணமாகவே கருதப்படும், உள்ளே வரலாம்.

மற்ற கதவுகளில் பணம் எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவக் கவுன்சில் மருத்துவரின் பதிவில் கைவைக்கும். மருந்து ஆய்வாளர் கடை லைசென்ஸில் கைவைப்பார். போலீஸில் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவு உண்டு, மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறை. நர்ஸுக்கும் மருந்தாளுநருக்கும் அந்தச் சலுகை இல்லை, பொதுப் பிரிவின் 5 ஆண்டு வரைதான். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி மருத்துவர் மீது வழக்குக்குக் கடும் அலட்சியம் தெரிய வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தும் வேண்டும். பெரும்பாலான புகார்கள் அங்கேயே தேங்கிவிடுகின்றன. போலீஸ் முடிக்கட்டும் என்று காத்திருந்து நுகர்வோர் வழக்கின் 2 ஆண்டு கெடுவைத் தவறவிடுவது மிகப் பெரிய தப்பு. தவறிவிட்டால், தாமதத்துக்கான காரணத்தைத் தனி மனுவாக, பிரமாணப் பத்திரத்தோடு, புகாருடனேயே ஏற்ற வேண்டும்.