பதினைந்து வருடமாக ஒரே ஊரைக் கட்டுகிறேன்

மைக்ரோபோலிஸை என் கம்ப்யூட்டரில் ஏற்றியது 2010இல். பெயர் புதிதாக இருந்தால் சிம்சிட்டி என்று சொல்கிறேன், தெரிந்துவிடும். 1989இல் வந்த அந்த நகரம் கட்டும் கேமின் மூல நிரலை 2008இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதைத்தான் இன்றுவரை ஆடுகிறேன்.

அதற்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவி கேம். திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கிய பெட்டி, மஞ்சள் கேசட். ஓடாவிட்டால் கழற்றி ஊதிச் செருக வேண்டும். அது 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கேசட்டில் 9999 கேம் என்று அச்சடித்திருக்கும், எண்ணினால் முப்பது தேறாது. காண்ட்ரா என்ற சுடும் கேம் அலுத்ததும் பெட்டி பரணுக்குப் போனது. டாங்கி கேமில் மட்டும் நாமே செங்கல் அடுக்கிக் களம் அமைக்கலாம். சண்டையை விட்டுவிட்டு அதையே மணிக்கணக்கில் செய்துகொண்டிருப்பேன்.

சிம்சிட்டியை உருவாக்கிய வில் ரைட்டுக்கும் அதே கதைதானாம். 1984இல் அவர் செய்தது ஹெலிகாப்டரில் போய்க் குண்டு போடும் கேம். குண்டு போடுவதைவிட அதற்காகத் தீவுகளை வரைவதுதான் அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. அங்கிருந்து வந்ததுதான் சிம்சிட்டி. இதில் ஜெயிப்பது என்று எதுவும் கிடையாது. பரணுக்குப் போகாமல் இத்தனை வருடம் நின்றதற்கு அதுதான் காரணம் என்பேன்.

நான் கட்டுவது எப்போதும் எங்கள் ஊர் திருநெல்வேலியைத்தான். நடுவில் ஆறு, கிழக்கே பாளை, மேற்கே ஜங்ஷனும் டவுனும். தரையில் ஒரு கட்டம் ரோடு போட 10 டாலர், தண்ணீர்மேல் என்றால் 50. முதல் பாலத்திலேயே கஜானா காலி. 1840களில் கைக்காசைப் போட்டு ஆற்றுப்பாலம் கட்டிய சுலோசன முதலியாரை அன்றுதான் நிஜமாகவே நினைத்துப் பார்த்தேன். கேமில் முதலியார் இல்லை, ஒரு குறுக்குவழி இருக்கிறது: ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு ஃபண்ட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் 10,000 வரும். திரும்பத் திரும்பத் தட்டினால் நிலநடுக்கமும் வரும்!

ரோடே போடாமல் எல்லா இடத்திலும் தண்டவாளம் போட்டால் நெரிசலே இருக்காது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. வண்ணார்பேட்டையில் தினமும் சிக்கி நிற்பவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? ஏமாற்று வேலைதான், இருக்கட்டும். குறையென்றால், படம் ஒரு ஜன்னலிலும் வரைபடம் இன்னொன்றிலும் கிடந்து கண்ணைக் கட்டும். 2012 கரண்ட் கட்டில், சேமிக்காமல் விட்ட ஒரு முழு டவுன் போனது. அது என் தப்பு.

இந்த வகையின் மூத்த தலைமுறையையும் தேடி ஆடிப் பார்த்தேன். 1964இல் மேபல் ஆடிஸ் என்ற அமெரிக்க ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய சுமேரிய விளையாட்டு கிடைக்கவில்லை. அதன் வழிவந்த ஹமுராபி கிடைத்தது. படம் கிடையாது, வெறும் எழுத்து. பத்து வருடம் ராஜாவாக இருந்து, எவ்வளவு தானியத்தை விதைப்பது, எவ்வளவை ஜனங்களுக்குப் போடுவது என்று சொல்ல வேண்டும். ஒரே வருடத்தில் பாதிப்பேர் பட்டினியில் செத்தால் பதவி போய்விடும். சேரன்மகாதேவியில் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் பார்த்த தாத்தாவிடம், குலுக்கையில் இருந்த தானியத்தை எலி தின்றதால் என் பதவி போன கதையைச் சொன்னேன். "எலி தின்னா குலுக்கையை மாத்தணும்லே, ராஜாவையா மாத்துவாங்க?" என்றார்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு மைக்ரோபோலிஸ்மேல் வருத்தம். குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது. பக்கத்தில் ஆறு இருந்தால் நிலத்தின் மதிப்பு கூடும், அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் கொஞ்ச நேரம் பரவும், தானாக வடியும், அந்த இடம் வெறும் மண்ணாகிவிடும், மறுபடி கட்டிக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தபோது வடிந்தபிறகுதான் வேலையே ஆரம்பித்தது. சேறு அள்ளவே நாலு நாள். பரணில் இருந்த டிவி கேம் பெட்டி தப்பியது, கீழே இருந்த கம்ப்யூட்டர் தப்பவில்லை.

வேறு கம்ப்யூட்டர் வாங்கி ஊரை முதலிலிருந்து கட்டுகிறேன். இந்தத் தடவை ஆற்றோரம் மூன்று கட்டம் காலியாக விட்டிருக்கிறேன். வரி குறைகிறது, போகட்டும்.