புதிய காரோடு விற்கப்பட்ட 6,000 வெள்ளி ‘பேக்கேஜ்’: பினாங்கில் கார் பதிவு செய்யவிருப்போர் கவனத்திற்கு

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, பினாங்குத் தீவில் உள்ள ஒரு விற்பனை நிலையத்தில் ஏழு பேர் அமரக்கூடிய புதிய கார் ஒன்றைப் பதிவு செய்தேன். காரில் குறை ஏதும் இல்லை. அதைத் தயாரித்த நிறுவனத்தின் மீதும் எனக்கு வருத்தமில்லை. ஆனால், காரோடு சேர்த்து என் தலையில் கட்டப்பட்ட கூடுதல் பொருள்களுக்கும் வேலைகளுக்கும் நான் கொடுத்த 6,000 ரிங்கிட்டில் பெரும்பகுதி வீணாகப் போனது. அவற்றுள் சில காருக்கே கேடு விளைவித்தன. குடும்பத்தோடு முதல் புதிய காரை வாங்கப் போகிறவர்கள் அதே மேசையில் அதே சொற்களைக் கேட்கக்கூடும் என்பதால், நடந்தவற்றை முழுமையாக எழுதுகிறேன்.

விற்பனையாளர் நம்மவர்தான். முதல் நாளிலிருந்தே என்னை அண்ணே என்றும் என் தாயாரை அம்மா என்றும் அழைத்தார். பிள்ளைகளுக்கு மைலோ வாங்கிக் கொடுத்தார். விலை பேசி முடித்து, பழைய காரைக் கொடுத்து முன்பணத்தையும் ஈடுகட்டிய பிறகு, கையொப்பமிடும் நேரத்தில்தான் அந்த ‘பேக்கேஜ்’ தாளை எடுத்து வைத்தார். காரின் அடிப்பகுதிக்குத் துருத்தடுப்புப் பூச்சு 1,400 ரிங்கிட், சாயத்துக்கு மேல் ‘செராமிக் கோட்டிங்’ 1,800, கண்ணாடிகளில் ஒட்டும் வெயில் தடுப்புத் தாளான டிண்ட் 1,600, முன்னும் பின்னும் பதிவு செய்யும் டேஷ்கேம் 700, தரைவிரிப்புகளும் கதவு மழைத்தடுப்புகளும் 500. “அண்ணே, இது பினாங்கு, சுத்தி கடலு. அடியில கோட்டிங் அடிக்கலேன்னா அஞ்சு வருஷத்துல துரு ஏறிடும். லோன்லயே போட்டுடலாம். மாசம் எழுபது வெள்ளிதான் கூடும், ஒரு நாளைக்கு ஒரு தே தாரிக் காசு” என்றார். இவையெல்லாம் விருப்பத் தேர்வுகள்தானா என்று நான் கேட்டதற்கு, பேக்கேஜ் எடுப்பவர்களுக்கே கார் சீக்கிரம் கிடைக்கும் என்று பதில் வந்தது. தீபாவளிக்குள் கார் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று என் மனைவிக்குச் சொல்லியிருந்தேன். கையொப்பமிட்டேன்.

அந்தத் தே தாரிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எங்களுக்குக் கிடைத்த கடனுக்கு ஆண்டு வட்டி 3 விழுக்காடு. தவணைக் காலம் 9 ஆண்டுகள். நம் நாட்டு கார்க் கடனில் அந்த வட்டி, குறைந்துவரும் நிலுவைக்கு அல்லாமல், தொடக்கத் தொகை முழுவதற்கும் ஒவ்வோர் ஆண்டும் கணக்கிடப்பட்டது. ஆகவே 6,000 ரிங்கிட்டுக்கு 1,620 ரிங்கிட் வட்டி சேர்ந்து 7,620 ஆகிறது. அதை 108 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 71 ரிங்கிட். விற்பனையாளர் சொன்ன எண்ணில் பொய் இல்லை. ஆனால், மூன்று ஆண்டுகளில் தேய்ந்து போகும் தரைவிரிப்புக்கும் பூச்சுக்கும் ஒன்பது ஆண்டுகள் வட்டி கட்டுகிறோம் என்பதை அந்த எண் மறைத்துவிட்டது.

கார் வந்த ஆறாவது வாரத்தில் பின்பக்க இடது கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் அலம்பும் ஓசை கேட்டது. மழைக்காலமாக இருந்ததால் முதலில் கவனிக்கவில்லை; பிறகு என் மகள்தான், “அப்பா, கதவுக்குள்ள தண்ணி இருக்கு” என்றாள். ஜெலுத்தோங்கில் எனக்குப் பழக்கமான பட்டறைக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்த மெக்கானிக், கதவின் கீழ் விளிம்பைத் தன் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். தார் போன்ற கருப்புப் பூச்சு அங்கே ஒரு காசளவுக்குத் தடித்துத் திரண்டிருந்தது. மெல்லிய திருப்புளியால் அதைக் குத்தியதும் பழுப்பு நிறத் தண்ணீர் அவர் முழங்கை வரை வழிந்து தரையில் கொட்டியது. கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காகத் தொழிற்சாலையிலேயே விடப்பட்டிருக்கும் துளை அது. காரை மேலே தூக்கிப் பார்த்தபோது, படிகளின் அடியில் இருந்த துளைகளில் மேலும் மூன்று இப்படியே அடைபட்டிருந்தன. துருவைத் தடுக்கும் என்று சொல்லி அடிக்கப்பட்ட பூச்சு, துரு பிடிப்பதற்கு வேண்டிய ஈரத்தை உள்ளேயே தேக்கி வைத்திருந்தது.

இக்காலத்துக் கார்களின் உடற்கூடு, சாயம் பூசப்படுவதற்கு முன் மின்பூச்சுத் தொட்டியில் முழுவதுமாக அமிழ்த்தி எடுக்கப்படுகிறது. நம் கை எட்டாத உள்மடிப்புகளிலும் அந்தப் பூச்சு படிகிறது. இந்த அடிப்பூச்சு வணிகம், பனியை உருக்கச் சாலைகளில் உப்புக் கொட்டும் குளிர்நாடுகளில் செழித்த ஒன்று. நம் சாலைகளில் அந்த உப்பு இல்லை. கடலோரத்தில் வசிப்பவர்கள் வாரம் ஒரு முறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினாலே போதும் என்று அந்த மெக்கானிக் கூறினார்.

டிண்ட் விஷயம் இதைவிடச் சிக்கலானது. காசு செலவழிக்கத் தக்க பொருள் அதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் வெயிலுக்கு நல்ல டிண்ட் வேண்டும். பின்னிருக்கையில் கைக்குழந்தையோ வயதானவர்களோ அமரும் காருக்குக் கட்டாயம் வேண்டும். விற்பனை நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் விளக்கை எரியவிட்டு, தாள் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் என் கையை வைக்கச் சொன்னார்கள். சூடே தெரியவில்லை. தாளின் மீது 99 விழுக்காடு அகச்சிவப்புத் தடுப்பு என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்த விளக்கு வெளியிடுவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்தான் என்பதும், சூரிய வெப்பத்தில் அகச்சிவப்பின் பங்கு ஏறத்தாழப் பாதி மட்டுமே என்பதும், மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகவே உள்ளே வருகிறது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருக்க வேண்டிய எண், சூரிய ஆற்றல் முழுவதிலும் எத்தனை விழுக்காட்டைத் தாள் தடுக்கிறது என்பது. கடைக்காரர்கள் அதை டி.எஸ்.இ.ஆர். என்பார்கள். என் தாளுக்கு அந்த எண்ணை இன்றுவரை யாரும் எழுத்தில் தரவில்லை.

அடுத்தது சட்டம். 2019ஆம் ஆண்டு மே 8 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், ஓட்டுநர் வரிசையின் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். பின்னால் உள்ள கண்ணாடிகளை எவ்வளவு கருப்பாக்கினாலும் தடையில்லை. எனக்குப் பக்கக் கண்ணாடிகளில் ஒட்டியது 50 விழுக்காட்டுத் தாள் என்று அட்டையில் எழுதித் தந்தார்கள். ஆனால் கண்ணாடிக்கும் சொந்தமாக ஓர் அளவு உண்டு. தாள் ஒட்டாத கண்ணாடியே ஒளி முழுவதையும் விடுவதில்லை. இரண்டும் சேரும்போது அளவு இன்னும் குறைகிறது. வேறொரு டிண்ட் கடையில் கருவி வைத்து அளந்தபோது என் முன்வரிசைப் பக்கக் கண்ணாடிகள் 38 விழுக்காடு காட்டின. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அதிகாரி சாலையில் நிறுத்தி அளந்தால் குற்றச்சீட்டு ஒட்டியவருக்கு வராது, எனக்குத்தான் வரும். போதாததற்கு, அது உலோகம் கலந்த தாள். ஈப்போவில் உள்ள மாமனார் வீட்டுக்குச் சென்றபோது ஜூரு சுங்கச்சாவடியில், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த, கட்டணம் கழிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டுவில்லையை இயந்திரம் படிக்கவே இல்லை. தடுப்புக்கட்டை தூக்காமல், பின்னால் ஐந்தாறு கார்கள் ஹாரன் அடிக்க, பிள்ளைகளோடு நாங்கள் நின்றதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. முன்வரிசைத் தாள்களை உரித்து, விதிக்கு உட்பட்ட உலோகமற்ற தாளை ஒட்டுவதற்கு மேலும் 650 ரிங்கிட் செலவாயிற்று.

‘செராமிக் கோட்டிங்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல் பட்டாலும் கீறாது, கடினத்தன்மை ‘9 எச்’ என்றார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. ஓரிரு மைக்ரான் தடிப்புள்ள படலம் நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லைத் தாங்காது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டணம் செலுத்திப் பராமரிக்காவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்பது அட்டையின் பின்புறத்தில், பொடி எழுத்தில் இருந்தது.

டேஷ்கேம் நல்ல பொருள். நான் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் கம்பியை இழுத்திருந்த விதம் என்னைக் கலங்க வைத்தது. முன்கண்ணாடிக்குப் பக்கவாட்டில் உள்ள தூணின் உறையைப் பட்டறையில் கழற்றியபோது, உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்த காற்றுப்பைக்கு முன்னால் அந்தக் கம்பி குறுக்காக ஓடியது. விபத்தில் பை விரியும்போது கம்பி அதைத் தடுக்கலாம், அல்லது பையோடு சேர்ந்து அமர்ந்திருப்பவரின் முகத்தை நோக்கித் தெறிக்கலாம். அந்தப் பக்கத்தில் அமர்பவர் என் தாயார். மின்சாரத்துக்காகக் காரின் மூலக்கம்பி ஒன்றைச் சீவி, அதில் முறுக்கி, கருப்பு நாடா சுற்றியிருந்தார்கள். மின்கம்பிகளில் பின்னர் கோளாறு வந்தால் உத்தரவாதத்தில் சேர்க்க இயலாது என்று அதிகாரபூர்வப் பராமரிப்பு நிலையம் குறிப்பெழுதி வைத்துவிட்டது.

பணம் போனதைக் காட்டிலும் என்னை வருத்துவது வேறொன்று. அதே காரின் உயர் ரகத்தில், முன்னால் செல்லும் வாகனத்தை மோதவிருக்கும்போது தானாகவே நிறுத்தும் வசதியும், பக்கவாட்டில் கண்ணுக்குப் படாத வாகனத்தைப் பற்றி எச்சரிக்கும் வசதியும் இருந்தன. விலை வித்தியாசம் இந்தப் பேக்கேஜின் தொகையை ஒட்டியே இருந்தது. டிண்ட், டேஷ்கேம், தரைவிரிப்பு எல்லாவற்றையும் எந்தக் கடையிலும் எந்த மாதத்திலும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் பொருத்தப்படாத, தானாகவே நிறுத்தும் அந்த வசதியை அப்படி எந்தக் கடையிலும் வாங்கி என் காரில் சேர்க்க முடியாது. அந்த ரகத்தைப் பற்றி நான் கேட்டபோது, விற்பனையாளர் அது வர மூன்று மாதங்கள் ஆகும் என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டார். குழந்தை இருக்கை பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் அது சட்டப்படி கட்டாயம். எங்களிடமிருந்த இருக்கையைக் கொண்டுசென்று, அதை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எந்த வரிசையில் உள்ளன, அதைப் பொருத்திய பின் மூன்றாம் வரிசைக்கு ஆள் ஏற வழி இருக்குமா என்று அங்கேயே பார்த்திருக்க வேண்டும். இப்போது என் தாயார் பின்னால் அமர வேண்டிய நாள்களில், ஒவ்வொரு முறையும் குழந்தை இருக்கையைக் கழற்றி மாட்டுகிறோம்.

காப்புறுதி அதைவிடப் பெரிய ஓட்டை. நாங்கள் குடியிருப்பது சுங்கை பினாங்கு ஆற்றுக்கு அருகில். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெருமழை பெய்து வெள்ளம் புகுந்தபோது எதிர்வீட்டாரின் கார் இருக்கை வரை மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான். முழுக் காப்புறுதி என்றால் வெள்ளமும் அடக்கம் என்றே எண்ணியிருந்தேன். அடக்கம் இல்லை, ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ என்னும் கூடுதல் பாதுகாப்பைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். 70,000 ரிங்கிட் மதிப்புக்கு எனக்கு ஆண்டுக்கு 140 ரிங்கிட்தான் ஆயிற்று. கடல் காற்றைக் காட்டி 1,400 ரிங்கிட் வாங்கியவர்கள், வீட்டு முகவரியைப் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதே வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதியின் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தானே நிர்ணயிக்கிறது. ஆகவே விற்பனை நிலையம் காட்டும் ஒரே நிறுவனத்தை ஏற்காமல், இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள்.

விற்பனை நிலையத்துக்கு இரண்டு முறை நேரில் சென்றும் பயனில்லை. கையொப்பம் உங்களுடையதுதானே என்றார்கள். மஸ்ஜித் நெகிரி சாலையில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை பெற்று, படங்களையும் பட்டறை அறிக்கையையும் இணைத்து முதலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பினேன். பதில் வராததால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்தேன். அதற்கான கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுசெல்லலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் விற்பனையாளர் அனுப்பிய வாக்குறுதிகளை நான் அழிக்காமல் வைத்திருந்தது பெரிதும் உதவியது. விசாரணை நாளில் அவர்கள் சமரசத்துக்கு வந்து, அடிப்பூச்சுக்கும் செராமிக் கோட்டிங்குக்கும் வாங்கிய 3,200 ரிங்கிட்டைத் திருப்பித் தர எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். டிண்டுக்கும் டேஷ்கேமுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடனில் ஏறிய வட்டியும் ஏறியதுதான்.

சென்ற மாதம் என் தம்பி பட்டர்வொர்த்தில் வேறொரு நிலையத்தில் கார் பதிவு செய்யச் சென்றபோது நானும் உடன் சென்றேன். அங்கும் ஒரு பேக்கேஜ் தாள் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் தனி விலையையும், தாளின் டி.எஸ்.இ.ஆர். அளவையும், யார் எங்கே பொருத்துவார்கள் என்பதையும், பேக்கேஜ் இல்லாமல் கார் எப்போது கிடைக்கும் என்பதையும் எழுதித் தருமாறு தம்பி கேட்டான். அந்தப் பெண் விற்பனையாளர் உள்ளே சென்று கேட்டு வந்து, புதிய படிவம் ஒன்றை எடுத்து, உயர் ரகக் காரின் விலையை மட்டும் எழுதி, கூடுதல் பொருள்களுக்கான கட்டங்களின் குறுக்கே கோடு போட்டுத் தந்தார். காத்திருக்கும் காலம் பேக்கேஜ் எடுப்பவருக்கும் எடுக்காதவருக்கும் ஒன்றே என்றார்: பதினொரு வாரங்கள்.