தூண்டில்ல கட்டுற ஈயக்குண்டு வார்க்கிற அச்சு: ரெண்டு பாவிச்சுப் பாத்திட்டன், எதைப் பாத்து வாங்கவேணும் எண்டு சொல்றன்

போன கிழமை திருகோணமலை டச்சு பே கரையில ஒரு தம்பி வந்து, அண்ணா நீங்கள் குண்டு வீட்டிலயே வார்க்கிறீங்களாமே, ஒன்லைன்ல ஆறு குழி இருக்கிற அச்சு மலிவா கிடக்கு வாங்கட்டோ எண்டு கேட்டவன். எனக்கு நெஞ்சு திக்கெண்டுது, ஏனெண்டா நான் முதல் வாங்கி காசை விட்டதும் அதே மாதிரி ஒரு ஆறு குழி அச்சுத்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இஞ்சயும் எழுதுறன், குழி எத்தினை எண்டு எண்ணாதீங்கோ, ரெண்டு பாதியும் எப்பிடிப் பொருந்துது எண்டு பாருங்கோ.

ஏன் வீட்டில வார்க்கவேணும் எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலைப் பக்கம் போட்டில போய் கைத்தூண்டில் போட்டா கலவாய், விளைமீன் கிடைக்கும், ஆனா கீழ முழுக்கக் கல்லு, ஒரு பின்னேரத்தில மூண்டு நாலு குண்டு இடுக்கில சிக்கி தங்கூசியோட (நைலோன் தூண்டில் நூல்) அறுந்து போயிடும். மாசக் கடைசியில பாத்தா ஈயத்துக்கு மட்டும் குடுத்த காசு தங்கூசிக்குக் குடுத்ததைவிட கூட. சில பேர் பழைய இரும்பு நட்டைக் கட்டிறவை, சமாளிக்கலாம்தான், ஆனா ஈயம் ஒரு கன சென்ரிமீற்றர் 11.34 கிராம், இரும்பு 7.87 கிராம்தான், அப்ப 100 கிராம் குண்டு ஈயத்தில 9 கன சென்ரிமீற்றருக்குள்ள அடங்கும், இரும்பில அது கிட்டத்தட்ட 13. பெரிசா இருந்தா ஓட்டம் பிடிச்சு இழுக்கும், நீங்கள் போட்ட இடத்தில குண்டு நிக்காது.

மாமா முந்தி பழைய மேசைக்கரண்டிக்க ஈயத்தை ஊத்தி, ஆறினாப் பிறகு ஆணியால ஓட்டை போட்டுத் தருவார், அதுவும் மீன் பிடிச்சதுதான், ஆனா ஒண்டு 60 கிராம் இருக்கும் மற்றது 90 இருக்கும், ஆழம் கணக்குப் பாத்துப் போட ஏலாது. அதனாலதான் அச்சு தேட வெளிக்கிட்டன்.

முதல் அச்சைப் பற்றி. எங்க வாங்கினன் எண்டு பேர் சொல்லேல்ல, படத்தில பாக்க நல்ல வடிவு, ஆறு குழி, பளபளப்பு, கைபிடி கறுப்பு. கையில வந்த உடனயே பாரம் காணாது எண்டு பட்டது, அலுமினியம் அவ்வளவு மெல்லிசு. எண்டாலும் ஆசையில உடன அடுப்பு மூட்டி ஊத்தினன். முதல் ரெண்டு தரமும் குண்டு சுருங்கி, தோல் மடிஞ்ச மாதிரி வந்துது, அச்சு இன்னும் சூடாகேல்ல போல எண்டு விட்டன், மூண்டாவது தரம் கைபிடி இளகத் தொடங்கிட்டுது, அது பிளாஸ்ரிக். அதைவிட மோசம் ரெண்டு பாதியும் நேர இல்ல, ஒரு பாதி மற்றதைவிட கொஞ்சம் விலகி நிக்குது, அப்பத்தின்ர கரை மாதிரி குண்டைச் சுத்திவர மெல்லிசா பிசிறு. ஒவ்வொண்டையும் கத்தியால சீவவேணும், சீவாம விட்டா அந்தக் கூர் தங்கூசியைத் தேய்க்குது. ரெண்டு குழியில குண்டு கழருதே இல்ல, உள்ளுக்கு வெட்டினது சரியில்லை, ரெண்டு பாதியும் பொருந்துற முகப்பக்கம் ஒடுக்கம் உள்பக்கம் அகலம், அப்பிடி இருந்தா எந்த ஈயமும் வெளிய வராது. ஸ்குரூட்ரைவரால நெம்பினன், அது நான் செய்த பிழை, அலுமினியம் மென்மையானது, கீறு விழுந்தா அடுத்த குண்டு அந்தக் கீறுக்க பிடிச்சுக்கொள்ளும். திருப்பி அனுப்பக் கேட்டன், பாவிச்ச சாமான் எடுக்க மாட்டம் எண்டிட்டினம். பாவிக்காம எப்பிடித் தெரியும் எண்டு நான் கேட்டதுக்கு இண்டைக்கு வரைக்கும் பதில் இல்ல.

ரெண்டாவது அச்சு என்ர மச்சான் கொண்டு வந்து தந்தது. அவர் அமெரிக்காவில டெக்சஸில இருக்கிறார், டூ-இட் எண்ட கொம்பனிட அலுமினிய அச்சு, ஐயோவா மாநிலத்தில டென்வர் எண்ட சின்ன ஊரில செய்யிறது, தூண்டில் ஈயத்துக்கெண்டே அச்சு செய்யிற ஆக்கள். கையில எடுத்த உடனயே வித்தியாசம் தெரியும். கனதி, பிணைச்சல் ஆடாது, கைபிடி மரம், அச்சை மூடி வெயிலுக்கு நேர பிடிச்சா பொருந்தின இடத்தால ஒரு பொட்டு வெளிச்சம் வரேல்ல. முதலாவதைவிட மூண்டு மடங்குக்கு மேல விலை, ஆனா ரெண்டு வாடைக்காத்துக் காலம் முடிஞ்சும் இன்னும் புதுசு மாதிரித்தான் கிடக்கு, கடல் கொந்தளிக்கிற அந்த மாசங்களிலதான் நான் வீட்டில இருந்து முழு வருசத்துக்கும் வார்த்து வைக்கிறனான்.

மச்சானுக்கு அச்சைப் பற்றி ஏன் இவ்வளவு தெரியும் எண்டா அவர் அங்க லைசன்சோட ரிவால்வர் வைச்சிருக்கிறார், சுடுற கிளப்பில போட்டிக்குப் போறவர், 44 மக்னம் எண்ட ரகம், அதுக்குச் சுடுற ஈயக்குண்டு தானே வார்க்கிறார். இஞ்ச அதெல்லாம் நினைச்சும் பாக்க ஏலாது, நான் சொல்ல வந்தது அச்சைப் பற்றின விசயம் மட்டும். அந்தக் குண்டு வழமையா 240 கிரெயின், எங்கட கணக்கில பதினைஞ்சரைக் கிராம், எங்கட 100 கிராம் தூண்டில் குண்டு ஒண்டில அதில ஆறு வார்க்கலாம். சுடுற ஆக்களுக்கு குண்டின்ர விட்டம் அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு பிசகினாலும் பிரச்சினை, துப்பாக்கிக் குழாய்க்க சரியா இறுகாட்டி குழாய் முழுக்க ஈயம் அப்பிக்கொள்ளும், குறியும் தவறும். எங்களுக்கு அந்தத் துல்லியம் தேவையில்ல, ஆனா அவையள் அச்சைப் பாக்கிற கண் எங்களுக்கும் உதவும். லைமன் கொம்பனி இரும்பில செய்யுது, லீ அலுமினியத்தில செய்யுது, எது நல்லம் எண்டு அங்க ஆக்கள் வருசக்கணக்கா விவாதம் பண்ணுவினமாம். இரும்பு சூட்டை நல்லா வைச்சிருக்கும், கனகாலம் உழைக்கும், ஆனா எண்ணெய் பூசாம வைச்சா துரு. அலுமினியம் கெதியா சூடாகும், பாரம் குறைவு, துரு இல்ல, ஆனா மென்மை, பாத்துப் பாவிக்கவேணும். இதைக் கேட்ட உடன எனக்கு முடிவு வந்திட்டுது, எங்கட வீடு கடலில இருந்து கூப்பிடு தூரம், உப்புக்காத்தில யன்னல் கம்பியே ரெண்டு வருசத்தில பொரிஞ்சு போகுது, இஞ்ச இரும்பு அச்சு வாங்கிறதெண்டா ஒவ்வொரு தரமும் எண்ணெய் பூசி, பிறகு வார்க்க முதல் அந்த எண்ணெயைக் கழுவி, சரியான வேலை. திருகோணமலைக்கு அலுமினியம்தான்.

இனி கையில எடுத்துப் பாக்க ஏலுமெண்டா இப்பிடிப் பாருங்கோ. அச்சை மூடி வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ, கோடாய் வெளிச்சம் தெரிஞ்சா வேண்டாம். ரெண்டு பாதியையும் பிடிக்கிற ஊசி ரெண்டும் ஓட்டைக்க இறுக்கமா ஆனா சிக்காம போகவேணும், மூடினாப் பிறகு பக்கவாட்டில அசைச்சுப் பாத்தா அசையக்கூடாது. ஈயம் ஊத்துற வாய் அகலமா இருக்கோ எண்டு பாருங்கோ, இதை ஒருத்தரும் கவனிக்கிறதில்ல, ஈயம் இறுகேக்க 3 வீதத்துக்கு மேல சுருங்கும், வாய் அகலமா இருந்தா அதுக்க நிக்கிற ஈயம் உள்ளுக்க இறங்கி அந்தக் குறையை நிரப்பும், ஒடுக்கமா இருந்தா வாய் முதல் இறுகி குண்டுக்குள்ள பொந்து விழும், பாரம் குறையும். தங்கூசி கட்ட கம்பி வளையம் வைக்கிற காடி இருந்தா பித்தளைக் கம்பியோ ஸ்டெயின்லெஸ் கம்பியோ வைச்சுப் பாருங்கோ, கறண்ட் வயரில உரிச்ச செப்புக்கம்பி வேண்டாம், பெரிய பாரை மீன் ஒண்டு இழுத்தா அது நீண்டு போயிடும், எனக்கு ஒருக்கா நடந்தது, பாரையும் போச்சு.

எந்த வடிவம் எண்டதில ஆக்கள் தடுமாறினம். கல்லுக்குள்ள போடுறதெண்டா மேல ஒடுங்கி கீழ உருண்ட, கண்ணீர்த்துளி மாதிரி வடிவம், மூலை இல்லாததால இடுக்கில கொளுவிறது குறைவு. நிலாவெளி, உப்புவெளி மாதிரி மணல் கரையில இருந்து எறியிறதெண்டா பிரமிட் வடிவம் மணலுக்க ஊண்டி நிக்கும், உருண்டை அங்க அலையோட உருண்டு கரைக்கே வந்திடும். பிரமிட்டைக் கல்லுக்க போட்டீங்களோ அது அங்கயே நிக்கும், நீங்கள் மட்டும் வீட்ட வருவீங்கள். என்னட்ட இருக்கிறது துளி வடிவம். பாரம் அவுன்சில குறிச்சிருக்கும், 1 அவுன்ஸ் 28.35 கிராம், அப்ப 4 அவுன்ஸ் எண்டா 113 கிராம், அது சுத்த ஈயத்துக்கு, டயர் கடை ஈயத்தில வார்த்தா கொஞ்சம் குறையும்.

டயர் கடை ஈயம் எண்டு சொன்னது சில்லு பலன்ஸ் பண்ண அடிக்கிற அந்தத் துண்டுகளை. ஈயத்தோட கொஞ்சம் அன்ரிமனி கலந்தது, சுத்த ஈயத்தைவிட கடினம், அச்சுக்க நல்லா நிரம்பும். ஆனா இப்ப வாற துண்டுகளில கனக்க நாகமும் (துத்தநாகம், சிங்க்) இரும்பும், நாகத்தில சின்னதா இசட் என் எண்டு பொறிச்சிருக்கும், பாத்துப் பொறுக்கவேணும். ஈயம் 327 பாகை செல்சியஸில உருகும், நாகம் 419இல, அப்ப அடுப்பை அளவா வைச்சா தவறி விழுந்த நாகத்துண்டு மேல மிதக்கும், அள்ளி எறியலாம், கூட எரிச்சீங்களெண்டா அதுவும் உருகிக் கலந்து முழுச்சட்டியும் கஞ்சி மாதிரி ஆகி ஒரு குண்டும் ஒழுங்கா வராது.

வார்க்க முதல் அச்சை சவர்க்காரம் போட்டுக் கழுவி நல்லா காய வைச்சு, குப்பி விளக்குப் புகையில குழியளைக் கறுப்பாக்குங்கோ, அந்தக் கரியாலதான் குண்டு கழரும். பிறகு அச்சை சட்டிக்குப் பக்கத்தில வைச்சு சூடாக்கவேணும், குளிர்ந்த அச்சில முதல் நாலைஞ்சு குண்டு சுருங்கித்தான் வரும், அதைத் திருப்பிச் சட்டிக்க போடுங்கோ, ஆனா மெல்லமாப் போடுங்கோ, எறிஞ்சா தெறிக்கும். குண்டு கண்ணாடி மாதிரி மினுங்கினா சூடு சரி, பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா வந்தா சூடு கூடிப்போச்சு, கொஞ்சம் ஆற விடுங்கோ. சட்டிக்க ஒரு மெழுகுதிரித் துண்டு போட்டுக் கிண்டினா ஊத்தையெல்லாம் மேல வரும், புகையும் நெருப்பும் கிளம்பும், பயப்பிடாதீங்கோ, முகத்தை மட்டும் தள்ளி வையுங்கோ.

தண்ணி. இதை மட்டும் ரெண்டு தரம் வாசியுங்கோ. உருகின ஈயத்துக்க ஒரு துளி தண்ணி உள்ளுக்க போனாலும் அது அந்தக் கணமே ஆவியாகி வெடிக்கும், சட்டியில இருக்கிற ஈயம் முழுக்க உங்கட முகத்தில. கடலில இருந்து எடுத்த பழைய குண்டு காஞ்ச மாதிரித்தான் இருக்கும், ஆனா ஓட்டைக்க ஈரம் நிக்கும், அதை ஒருநாளும் உருகின ஈயத்துக்க போடாதீங்கோ, அடுப்பு மூட்ட முதலே குளிர்ந்த சட்டிக்க போட்டு அதோட சேத்து சூடாக்குங்கோ. வேர்வை சொட்டாம தலையில துணி கட்டுங்கோ, மழை இருட்டினா அண்டைக்கு வேலை வேண்டாம். கண்ணாடி, நீட்டுக் காற்சட்டை, சப்பாத்து, தோல் கையுறை, செருப்போட நிண்டு வார்க்கிற ஆக்களைக் கண்டா எனக்கு வயித்தைக் கலக்கும். பழைய பற்றறியை உடைச்சு அந்த ஈயத்தை எடுக்கிறதை நிப்பாட்டுங்கோ, அசிட் மட்டுமில்ல, அந்தத் தகட்டில இருக்கிற மற்றச் சாமானாலயும் நச்சுவாயு வரலாம். குசினியில செய்யாதீங்கோ, கறிச்சட்டியைப் பாவிச்சிட்டுத் திருப்பிச் சமையலுக்கு வைக்காதீங்கோ, சின்னப்பிள்ளையளைக் கிட்ட விடாதீங்கோ, ஈயம் அவையளின்ர மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அது திரும்பி வராது. வேலை முடிஞ்சாப் பிறகு கை கழுவாம சாப்பிட இருக்காதீங்கோ, குண்டைப் பல்லால கடிச்சு தங்கூசியில இறுக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்குது, அதையும் விடுங்கோ. இங்கிலாந்தில 1987இல சின்ன ஈயக்குண்டுகளை, 28.35 கிராம் வரைக்கும் உள்ளதை, தடை செய்திட்டினம், அன்னப்பறவையள் அதை விழுங்கிச் செத்ததால. நாங்கள் கல்லுக்க விடுற குண்டும் கடலுக்கதான் கிடக்கும், இப்ப நான் குண்டை மெல்லிய தங்கூசித் துண்டில தனியாக் கட்டிறனான், சிக்கினா அது மட்டும் அறும், மிச்சத் தங்கூசி போகாது, எண்டாலும் அறுந்த குண்டு கிடக்கிறது கிடக்கிறதுதான், அதனால குறைச்சு விடப் பாக்கிறன்.

மாசத்தில நாலைஞ்சு குண்டு போதும் எண்டிற ஆக்கள் அச்சு வாங்காதீங்கோ, கடையிலயே வாங்குங்கோ, அடுப்பு, சட்டி, கையுறை எல்லாம் சேத்தா காசு கட்டாது. எங்கள மாதிரி கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் கடலுக்குப் போறவைக்கு கட்டும், ஆனா ஆறு குழி மலிவு அச்சை விட்டிட்டு ரெண்டு குழியோ மூண்டு குழியோ எண்டாலும் நல்ல கனதியான ஒண்டை எடுங்கோ. அந்தத் தம்பிக்கு வாற சனிக்கிழமை என்ர அச்சைக் குடுத்து எங்கட முத்தத்திலயே ஊத்திப் பாக்க விடப்போறன், பிறகு அவன் எதை வாங்கிறான் எண்டு பாப்பம்.