சம்பந்தி வீட்டுக்கு வாங்கிய திருவிவிலியம்

மகள் கல்யாணம் முடிந்த கையோடு சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று திருவிவிலியம் (பைபிளின் புதிய தமிழ் மொழிபெயர்ப்பு) ஒன்று ஆன்லைனில் வரவழைத்தேன். நாங்கள் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை), அவர்கள் தூத்துக்குடி ஆர்.சி. (கத்தோலிக்கர்). பெட்டியைப் பிரித்தால் அட்டையின் ஒரு மூலை நசுங்கிக் கிடந்தது. அனுப்பியவர்களுக்குப் படம் எடுத்துப் போட்டேன், பதிலே இல்லை. நசுங்கிய வேதத்தைச் சம்பந்திக்கு எப்படிக் கொடுப்பது? நானே வைத்துக்கொண்டேன். நாலு மாதமாக அதைத்தான் வாசிக்கிறேன்.

முதலில் சாமான் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். தாள் மெல்லிசு. பேனாவால் கோடு போட்டால் பின்பக்கம் ஊறுகிறது, பென்சில்தான் சரி. எழுத்து என் கண்ணாடிக்குக் கொஞ்சம் பொடி. நான் வாங்கியது 73 நூல்கள் உள்ள கத்தோலிக்கப் பதிப்பு. எங்கள் வீட்டு வேதாகமத்தில் 66தான். மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. நாங்கள் வாசிப்பது 1871இல் பவர் ஐயர் குழு முடித்த பழைய மொழிபெயர்ப்பு. அறுபது வருஷமாக அதையே வாசித்து, எந்த வசனத்திலும் கண் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். புதுசில் நின்றது. முதலில் நின்ற இடம் மத்தேயு 6:12, இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் வரும் வரி.

பழையதில், “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” இதில் எனக்கு ஒரு சொந்தச் சங்கடம் உண்டு. 2018 மே மாதம் சித்தப்பா மகன், அவன் பையனின் காலேஜ் ஃபீஸுக்கு என்று 85,000 ரூபாய் வாங்கினான். புரோநோட்டு எழுதிக் கொடுத்தான், இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை. கருவூலத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு, மூன்று வருஷத்தில் நோட்டு காலாவதி என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் அது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் “கடனாளிகளுக்கு” என்று வரும்போது மட்டும் என் சத்தம் இறங்கிவிடும். மூன்று வரிசை முன்னால் அவன் உட்கார்ந்திருப்பான்.

திருவிவிலியத்தில் கடன் இல்லை, குற்றம்தான். அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் வினைச்சொல்லைப் பார்த்தேன்: “நாங்கள் மன்னித்துள்ளதுபோல”. ‘மன்னிக்கிறதுபோல’ என்றால், ஏதோ முயற்சி நடக்கிறது, இன்றில்லாவிட்டால் நாளை என்று ஒப்பேற்றலாம். ‘மன்னித்துள்ளது’ என்றால் காரியம் முடிந்திருக்க வேண்டும். முடித்துவிட்டு வந்து கேள் என்கிற மாதிரி.

எங்கள் ஐயரிடம் (சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) போய்க் கேட்டேன். “புதுசு சொல்வதுதான் கிரேக்கத்துக்குக் கிட்ட இருக்கு சார். மத்தேயுவில் அது முடிந்துபோன வினை. இதே ஜெபம் லூக்கா 11இல் வரும்போது நிகழ்காலம்” என்றார்.

“அப்போ நான் மன்னித்தால்தான் அவர் மன்னிப்பாரா ஐயா? கிருபை இலவசம் என்றுதானே பிரசங்கம் பண்றீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே எபேசியர் 4:32ஐக் காட்டினார். அங்கே வரிசை தலைகீழ். தேவன் உங்களுக்கு மன்னித்ததுபோல நீங்களும் மன்னியுங்கள் என்று இருக்கிறது. நாம் மன்னிப்பது விலை இல்லை, ரசீது என்பது அவர் கட்சி. எனக்கு முழுசாக ஒப்பவில்லை. ஜெபம் முடிந்த கையோடு 14, 15ஆம் வசனங்களில், நீங்கள் மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியாதிருப்பார் என்று இயேசுவே சொல்கிறார். இதை ரசீது என்று எப்படிச் சொல்வது?

சம்பந்தியிடமும் கேட்டேன். “பாவசங்கீர்த்தனத்தில் (சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது) மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கு வருத்தம், இல்லாமல் சாமியார் மன்னிப்புச் சொன்னாலும் பலிக்காது” என்றார். அவர்களுக்கு நிபந்தனை என்ற சொல்லே கூசவில்லை. கடவுள் கொடுக்கத் தயார், மூடிய கையில் எதை வைப்பது என்கிறார். இன்னொரு விஷயம், பூசையில் அவர்கள் சொல்வது இந்தப் புத்தகத்தில் உள்ள வாசகம் இல்லை. அந்த வரியைப் “பொறுத்தருளும்” என்று முடிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. 85,000 ரூபாயை மன்னிக்க முடிகிறதோ இல்லையோ, ஆறேழு வருஷமாகப் பொறுத்துத்தானே இருக்கிறேன்!

இந்தப் பதிப்பை வாங்கியதில் பெரிய லாபம் சீராக்கின் ஞானம் என்ற நூல். எங்கள் 66இல் இது கிடையாது. 28ஆம் அதிகாரத் தொடக்கத்தில், அடுத்தவர் செய்த அநீதியை மன்னித்துவிடு, அப்போது நீ வேண்டும்போது உன் பாவங்களும் மன்னிக்கப்படும் என்கிற பொருளில் வருகிறது. இயேசுவுக்குச் சுமார் 200 வருஷம் முந்திய நூல். ஆக, இந்த நிபந்தனை மலைப்பிரசங்கத்தில் திடீரென்று முளைத்ததில்லை.

மத்தேயு 18இல் ஒரு கதை: ராஜாவிடம் பெருங்கடன் தள்ளுபடி வாங்கிய ஊழியன், தனக்குக் கொஞ்சம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை விடமாட்டேன் என்கிறான். அந்தச் சின்னக் கடனைப் பழையது “நூறு வெள்ளிப்பணம்” என்கிறது, புதுசு “நூறு தெனாரியம்” என்று விடுகிறது. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. எங்கள் பக்கம் கையாளுக்கு இப்போது 850 கொடுக்கிறோம். நூறால் பெருக்கினால் 85,000. பெருக்கிப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ராஜா தள்ளுபடி செய்த பதினாயிரம் தாலந்தோ ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றாலும் இரண்டு லட்சம் வருஷம். அதற்கு அவர் எந்த நிபந்தனையும் போடவில்லை, கெஞ்சினான், விட்டுவிட்டார். வெளியே வந்து உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்த பிறகுதான் அந்தத் தள்ளுபடி ரத்தாகிறது. கொடுக்கும்போது இலவசம், வைத்துக்கொள்வதற்குத்தான் நிபந்தனை என்று எனக்குப் படுகிறது. ஐயர் இதையும் ஒத்துக்கொள்ளவில்லை. சிலுவையில் இயேசு “இவர்களுக்கு மன்னியும்” என்று சொன்னபோது கீழே நின்ற சேவகர் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குறை என்றால், மனப்பாடத்துக்கு இது ஆகாது. “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று வளர்ந்த நாக்குக்கு “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்பது அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. சாவு வீட்டில் வாசிக்கப் பழையதைத்தான் எடுப்பேன். ஆனால் பழைய வேதாகமம் வீட்டில் இருக்கிறவர்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட, தாராளமாக வாங்கலாம்.

புரோநோட்டு இன்னும் பீரோவில்தான். சம்பந்தி வீட்டுக்கு இன்னொன்று வாங்க வேண்டும். இந்தத் தடவை நேரில் கடைக்கே போய், மூலையைத் தடவிப் பார்த்து, பெரிய எழுத்துப் பதிப்பாக.