ஒரு டீசல் கார், மூன்று ஸ்கேனர்: போனா, லேப்டாப்பா, வொர்க்‌ஷாப் டேப்லெட்டா?

ஏற்காடு மலைப்பாதையில் ஏழாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் காரின் இழுவை செத்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி முக்கியதே தவிர ஏறவில்லை. செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. இரண்டு வளைவு போனதும் மறுபடி அதே கதை.

வண்டி 2016ஆம் ஆண்டு ஃபோர்டு ஆஸ்பயர், 1.5 லிட்டர் டீசல். கீழே இறங்கி ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனரை மாட்டினார்கள், பி0087 என்று ஒரு கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் எண், வந்தது, ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டார்கள். "ஹை பிரஷர் பம்ப் வீக் சார். இன்ஜெக்டர் நாலையும் கழற்றி டெஸ்டுக்கு அனுப்பணும்." எஸ்டிமேட் அறுபதாயிரத்தைத் தாண்டியது.

பி0087 என்றால் ரயிலில், அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், எரிபொருள் அழுத்தம் குறைவு, அவ்வளவுதான். ஃபில்டர் அடைத்திருந்தாலும் அது வரும். குழாயில் காற்று நுழைந்தாலும் வரும். பம்ப் தேய்ந்தாலும், இன்ஜெக்டர் வழியாக டீசல் அதிகமாகத் திரும்பிப் போனாலும், ஏன், அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் ஒயரில் கோளாறு இருந்தாலும் இதே கோடு வரலாம். இவற்றில் ஒன்றின் செலவு நூறு ரூபாய், இன்னொன்றின் செலவு அறுபதாயிரம். எந்தக் கருவி இந்த வித்தியாசத்தைக் காட்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதனால் அதே வண்டியில், அதே மலைப்பாதையில், மூன்று விதக் கருவிகளையும் போட்டுப் பார்த்தேன்.

மூன்றும் மாட்டுகிற இடம் ஒன்றுதான்: ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து இது கட்டாயம். வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து பதிந்துவைக்க வேண்டும் என்ற ஓ.பி.டி 2 விதி இந்தியாவில் கார்களுக்கு 2013 ஏப்ரலில் வந்தது. எஞ்சின் கம்ப்யூட்டர் வெளியே பேசுகிற வாய் அது. எவ்வளவு வேகமாகக் கேட்கிறோம், எந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்திருக்கிறது என்பதில்தான் கருவிக்குக் கருவி வேறுபாடு.

முதலில் போனும் புளூடூத் டாங்கிளும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன டப்பா. மாட்டி, டார்க் அல்லது கார் ஸ்கேனர் போன்ற செயலியைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் கோடு வந்துவிடுகிறது. கூடவே ஃப்ரீஸ் ஃபிரேமும் வருகிறது. பழுது பதிவான அந்தக் கணத்தில் எஞ்சின் எப்படி இருந்தது என்ற குறிப்பு அது. என் வண்டியில் ஆர்.பி.எம் 2,600க்கு மேல், லோடு 90 சதவீதத்தைத் தாண்டி, கூலன்ட் சூடு 88 டிகிரி. அதாவது எஞ்சின் நன்றாகச் சூடேறி, முழு வலுவும் கேட்கப்பட்ட நேரத்தில்தான் அழுத்தம் போதவில்லை. வொர்க்‌ஷாப்பில் யாரும் இதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆயிரம் ரூபாய்க் கருவி இவ்வளவு சொன்னதே பெரிய விஷயம்.

அதற்கு மேல்தான் திணறல். ஓடும்போது வரும் அளவுகளைப் பார்க்க எட்டு எண்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு முறை மாறினாலே அதிகம் என்ற நிலை. மலையில் அழுத்தம் விழுவதும் எழுவதும் அதற்குள் முடிந்துவிடுகிறது. இன்னொரு குறை இதைவிடப் பெரியது. என் வண்டியில் பொதுவான ஓ.பி.டி கேள்விகளுக்கு ரயிலில் இப்போது இருக்கும் அழுத்தம் மட்டும்தான் பதிலாக வந்தது. எஞ்சின் கம்ப்யூட்டர் எவ்வளவு அழுத்தம் கேட்டது என்பது வரவில்லை. 900 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்று ஒரு எண் தெரிகிறது. கேட்டதே 900 தானா, 1,400 கேட்டு 900 கிடைத்ததா? இது தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

டாங்கிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்த டாங்கிள்களின் மூளையான ஈ.எல்.எம்.327 சிப்பைக் கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் 2005இல் கொண்டுவந்தது. முதல் பதிப்பில் நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு போடப்படவில்லை. அதிலிருந்து பெருகியவைதான் இன்றைக்குக் கடை கடையாகத் தொங்கும் நகல்கள். பலவற்றின் மேல் "பதிப்பு 1.5" என்று அச்சிட்டிருக்கும். அந்த நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. நிறுவனமும் 2022இல் மூடப்பட்டுவிட்டது. நகல் என்பதாலேயே தூக்கிப்போட வேண்டாம், கோடு படிக்க அது போதும். சில கட்டளைகளுக்கு அது பதில் சொல்லாமல் விழித்தால் உங்கள் காரைச் சந்தேகிக்காதீர்கள். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், சாக்கெட்டின் 16ஆவது பின்னில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும்.

அப்புறம் லேப்டாப். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அதிகம் கற்றதும் இங்கேதான்.

ஃபோர்டு, மாஸ்டா வண்டிகளுக்கென்றே எழுதப்பட்ட ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் பதிப்பின் அடிப்படை வசதிகள் இலவசம். மறைமலை நகரில் வண்டி தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்ததிலிருந்து, இங்கே ஃபோர்டு வைத்திருக்கும் பலருக்கும் இந்த மென்பொருள் ஒரு பெரிய தெம்பு. கூடவே நல்ல யு.எஸ்.பி அடாப்டர் வேண்டும். ஓ.பி.டி.லிங்க் ஈ.எக்ஸ், வி.லிங்க்கர் எஃப்.எஸ் போன்றவை சில ஆயிரம் ரூபாயாகும். மலிவு கேபிள்களை விற்பவர்கள் "ஹெச்.எஸ், எம்.எஸ் சுவிட்ச் இருக்கிறது" என்று பெரிதாகச் சொல்வார்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒயர்தான் கேன் லைன். ஃபோர்டில் எஞ்சின் கம்ப்யூட்டர் அதிவேக (ஹெச்.எஸ்) கேன் லைனில்தான் இருக்கிறது, அதாவது 6, 14ஆம் பின்கள். கதவு, ஏசி, ஆடியோ போன்றவற்றின் நடுவேக (எம்.எஸ்) லைன் பக்கம் போகத்தான் 3, 11ஆம் பின்களும் அந்தச் சுவிட்சும். எஞ்சின் பழுதுக்கு மட்டும் என்றால் அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

முதல் நாள் முழுக்க கேபிளை லேப்டாப்போடு இணைக்கும் டிரைவர் மென்பொருளோடுதான் மல்லுக்கட்டினேன். காம் போர்ட் எண் மாறுகிறது, விண்டோஸ் கேபிளை அடையாளம் காணவில்லை, இணைந்ததும் அறுந்துபோகிறது. எஃப்.டி.டி.ஐ சிப் உள்ள கேபிளாக இருந்தால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் லேட்டன்சி டைமர், அதாவது தகவலை அனுப்பும் முன் கேபிள் காத்திருக்கும் நேரம், 16 மில்லி செகண்ட் என்று இருக்கும். அதை 1 ஆக்கிய பிறகு எண்கள் ஓடிய வேகமே வேறு. இதையெல்லாம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சரிசெய்துகொண்டு அப்புறம் மலையேறுங்கள். வெயிலில் திரை தெரியாது. ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது. நான் ஓட்டினேன், தம்பி பின்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துப் பதிவு செய்தான்.

ஐந்தே ஐந்து அளவுகள்: கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், ஆர்.பி.எம், ஆக்ஸிலரேட்டர் நிலை, பம்புக்குள் போகும் டீசலை அளந்து விடும் வால்வின் திறப்பு. வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, உண்மையிலேயே சந்தோஷத்தில் கை நடுங்கியது.

சமதளத்தில் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கோடுபோல் போகின்றன. ஏற்றம் தொடங்கியதும் கேட்கும் கோடு 1,400 பாருக்கு ஏறுகிறது. கிடைக்கும் கோடும் கூடவே ஏறுகிறது, ஆனால் ரம்பப் பல் மாதிரி அதிர ஆரம்பிக்கிறது. சில நொடிகள் அதிர்ந்துவிட்டு 900 பக்கம் சரிகிறது. வால்வோ முழுதாகத் திறந்து நிற்கிறது. இன்னும் கொடு, இன்னும் கொடு என்று கம்ப்யூட்டர் கேட்கிறது, கொடுக்க டீசல் இல்லை. காலை எடுத்ததும் இரண்டு கோடுகளும் மறுபடி சேர்ந்துகொள்கின்றன.

மறுநாள் காலை, இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வதையும் பதிவு செய்தேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அழுத்தம் தயங்கித் தயங்கி ஏறியது. சூடான எஞ்சினை அணைத்து உடனே ஸ்டார்ட் செய்தால் சட்டென்று ஏறியது. இன்ஜெக்டர் கசிவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் தலைகீழாக இருந்திருக்கும். சூட்டில் டீசல் நீர்த்து, கசிவு கூடி, சூடான ஸ்டார்ட்டிங்தான் சிரமப்படும். இரவு நின்றால் மோசம், கோட்டில் ரம்பப் பல் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதையில் எங்கோ காற்று நுழைகிறது என்ற பக்கம்தான் எல்லாம் கைகாட்டின.

இதே ஃபோர்ஸ்கேனுக்குப் போன் பதிப்பும் உண்டு, கொஞ்சம் காசு. கேட்ட அழுத்தத்தை அதிலும் பார்க்கலாம். ஆனால் பன்னிரண்டு நிமிடப் பதிவை விரித்து, ஒரு வளைவின் நான்கு நொடியைப் பெரிதாக்கி, இன்னொரு நாளின் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை லேப்டாப் திரையில்தான் சுகம். பழுதைத் தேடுவது என்பதில் பாதி வேலை இந்த உட்கார்ந்து பார்ப்பதுதான்.

மூன்றாவது, வொர்க்‌ஷாப் டேப்லெட். சேலம் ஐந்து ரோடு பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் லான்ச் எக்ஸ்431 வகைக் கருவி இருக்கிறது. ஆட்டெல் நிறுவனத்தின் மேக்ஸிசிஸும் இதே இனம். இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீழே விழுந்தாலும் தாங்குகிற உடம்பு, டிரைவர் தொல்லை கிடையாது. ஃபோர்டு போனதும் ஹூண்டாய், ஹூண்டாய் போனதும் டாடா என்று ஒரே கருவி எல்லாவற்றோடும் பேசுகிறது. ஏ.பி.எஸ், ஏர்பேக் உட்பட வண்டியின் எல்லா கம்ப்யூட்டர்களையும் ஒரே மூச்சில் ஸ்கேன் செய்கிறது. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் உள்ள எண்ணை எஞ்சின் கம்ப்யூட்டரில் எழுதுவது, புகைக்கரி வடிகட்டியில் (டி.பி.எஃப்) சேர்ந்த கரியை எரிப்பது, ஃபேனையும் ரிலேயையும் தனியாக இயக்கிச் சோதிப்பது என்று தொழிலுக்கு வேண்டியது நிறைய இருக்கிறது. கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் இரண்டையும் இதுவும் அழகாகக் காட்டியது.

அப்படியானால் முதலில் போன இடத்தில் ஏன் கண்டுபிடிக்கவில்லை? அங்கேயும் இதே தரக் கருவிதான். அவர்கள் வண்டியை நிறுத்திவைத்து ஸ்கேன் செய்தார்கள், மலைக்கு எடுத்துப் போகவில்லை. நாளைக்குப் பத்து வண்டி பார்க்கும் இடத்தில் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு யார் கூலி கொடுப்பது? நண்பரே இதைச் சொல்லி வருத்தப்பட்டார். விலையும் தொழில் செய்பவருக்கு மட்டுமே கட்டுப்படியாகும், அப்டேட்டுக்கு வருடா வருடம் தனியாகக் கட்ட வேண்டும். ஒரு கார் வைத்திருக்கும் வீட்டுக்கு இது தேவையில்லை.

என் முடிவு இது. கார் வைத்திருக்கும் எல்லோரும் டாங்கிள் ஒன்றை வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள். வொர்க்‌ஷாப்பில் விடும் முன் கோடையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோடை அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும், "எரேஸ் பண்ணிட்டேன், இப்போ லைட் இல்லை பாருங்க" என்று யாராவது சொன்னால் துப்பு அழிந்துவிட்டது என்று அர்த்தம். வந்து வந்து போகிற பழுது, இரண்டு இடத்தில் காட்டியும் பிடிபடாத பழுது என்றால் லேப்டாப்தான். அதிலும் ஃபோர்டு வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் ராஸ்-டெக்கின் வி.சி.டி.எஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, அசல் கேபிள் விலை கூடுதல்தான், ஆனாலும் நகலை நம்பி அதில் கோடிங், அதாவது வண்டிக் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றுவது, செய்யப் போகாதீர்கள். மாருதிக்காரர்கள் லேப்டாப்புக்கு அவசரப்பட வேண்டாம். சுஸுகிக்கென்று எஸ்.இஸட் வியூவர் என்ற ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் ஒரு மல்டிமீட்டர் கூடவே இருக்கட்டும். ஸ்கேனர் வண்டியோடு இணையவே மறுக்கிறதா? பேட்டரியைக் கழற்றிவிட்டு 6, 14ஆம் பின்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் பக்கம் காட்ட வேண்டும், 120 காட்டினால் கேன் லைனில் ஒரு முனை அறுந்திருக்கிறது. இதை எந்தச் செயலியும் சொல்லாது.

என் வண்டிக்கு வருகிறேன். லேப்டாப் காட்டிய திசையில் போய், ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்கு நிறமில்லாத டீசல் ஹோஸை நண்பர் மாட்டினார். எஞ்சினை முறுக்கியதும் குமிழிகள் வரிசையாக ஓடின. இரண்டு மாதம் முன்பு ஓரிடத்தில் ஃபில்டர் மாற்றியபோது ஓ-ரிங், அதாவது இணைப்பில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், மடங்கி உட்கார்ந்திருக்கிறது. புது ஓ-ரிங் போட்டு, கையால் பம்ப் செய்து காற்றை வெளியேற்றினோம். செலவு கூலியோடு நானூறு ரூபாய்.

அன்று சாயங்காலமே தம்பியைக் கூட்டிக்கொண்டு, அதே ஐந்து அளவுகளைப் பதிவு செய்தபடி ஏற்காடு ஏறினேன். இருபதாவது வளைவு வரை இரண்டு கோடுகளும் பிரியவே இல்லை.