ஆடி புரியுது, இனிஷியல் புரியல: சிஆர்எம் சிங்க்ல ஒரு ஏஐ ஏஜென்ட்டோட 14 மாசம்

ஈரோட்டுல மோட்டார் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கற ஃப்ரெண்டு நேத்து ஃபோன் பண்ணி "மாப்ள, நீ யூஸ் பண்ற ஏஜென்ட் ரேட்டு குறைஞ்சிருச்சாமா, போட்டுரலாமா"ன்னு கேட்டான். கேட்ட நேரம் சரியில்ல. அன்னிக்குக் காலைல தான் அதுனால ஒரு டீலர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், அதனால இது கொஞ்சம் காட்டமா வந்தா பொறுத்துக்கோங்க. எந்த கம்பெனின்னு சொல்லப்போறதில்ல, யாருதா இருந்தாலும் இந்தக் கூத்து நடக்கும்.

நமக்கு கோயமுத்தூர்ல பம்ப்செட் டிஸ்ட்ரிபியூஷன். பில்லு டேலில, என்கொயரி வாட்ஸப்ல, பாதி விசயம் சேல்ஸ் பசங்க பாக்கெட் நோட்டுல. இதெல்லாம் ராத்திரியோட ராத்திரியா சிஆர்எம்ல, அதாவது கஸ்டமர் விவரம் எல்லாம் வச்சிருக்கற சாஃப்ட்வேர்ல, போய் உக்காரணும். 2024 நவம்பர்ல எம்சிபின்னு, ஏஐய மத்த சாஃப்ட்வேரோட இணைக்கற ஒரு பொது முறை வந்துச்சே, அது வழியா இந்த வேலையத் தானா செய்யற ஏஐ ஏஜென்ட்டுக்கு நாலு டூல் குடுத்து வச்சோம்: தேடு, புதுசா போடு, திருத்து, ரெண்டையும் ஒண்ணாக்கு. அந்த நாலாவது டூல் தான் பின்னாடி சனி.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், இல்லைன்னா பாவம் சேரும். 2025 ஜூலைல ஒரு விவசாயி நம்ம பையனுக்கு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு, ஏழரை ஹெச்பி சப்மெர்சிபிள், "ஆடி கழியட்டுங் தம்பி, அப்பறம் பாத்துக்கலாங்"னு. வேற எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் இத "ஆர்வமில்லை"ன்னு போட்டு மூடியிருக்கும். இது ஆகஸ்ட் 18, திங்கக்கிழமைக்கு ஃபாலோஅப் போட்டுச்சு. ஆவணி 1, 17ஆம் தேதி, ஆனா அன்னிக்கு ஞாயிறு, அதனால அடுத்த நாள்னு நோட்ல காரணம் வேற எழுதி வச்சிருந்துச்சு. பையன் அன்னிக்குப் போனான், மோட்டார் வித்துச்சு. நான் அந்த ஸ்கிரீன்ஷாட்ட எங்க வீட்ல எல்லாருக்கும் காட்டினேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல.

ஃபோன் நம்பர் விசயத்துலயும் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தன் முன்னாடி சைபர் போடுவான், ஒருத்தன் 91 போடுவான், ஒருத்தன் நடுவுல இடம் விட்டு அடிப்பான், எல்லாத்தையும் கடைசி பத்து நம்பரா ஆக்கிட்டுத்தான் தேடும். ஒரே ஆளு மூணு தடவ வர்றது பாதிக்கு மேல நின்னு போச்சு.

சரி, இப்ப இனிஷியல்.

சிஆர்எம்ல லாஸ்ட் நேம் கட்டாயம், காலியா விட்டா சேவ் ஆகாது. நம்மாளுகளுக்கு ஏதுங்க லாஸ்ட் நேம்? மா. செந்தில்குமார்னு வச்சுக்கோங்க. ஏஜென்ட் லாஸ்ட் நேம்ல "மா"ன்னு போட்டுச்சு, ஆஃபர் மெசேஜ் "அன்புள்ள திரு. மா"ன்னு போச்சு. இனிமே இனிஷியல அங்க போடாத, ஒரு புள்ளி மட்டும் வையின்னு இன்ஸ்ட்ரக்‌ஷன்ல எழுதினேன். அப்பறம் "அன்புள்ள திரு. ."ன்னு போச்சு. வாங்கினவங்க என்ன நினைச்சிருப்பாங்க, யாரோ கண்ணு மூடிப் போய்ட்டாங்கன்னு நினைச்சிருப்பாங்க.

இதுவரைக்கும் சிரிப்பு. நேத்து நடந்தது சிரிப்பில்ல. பல்லடம் பக்கம் ஒரு டீலர், அப்பா பேர்ல இருந்த கடை. தனி ஆளு கடைன்னா ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்துல மூணாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் ஓனரோட பேன் நம்பர்தான், அதனால அப்பா தவறினதும் மகன் பேர்ல புது நம்பர் எடுத்தாங்க, டேலிலயும் ரெண்டு லெட்ஜர் ஆச்சு. கடைப் பேரு அதே, ஃபோன் அதே, அட்ரஸ் அதே. மகனோட இனிஷியல் அப்பாவோட முதல் எழுத்து. ஏஜென்ட்டுக்குத் தான் மூளை ஜாஸ்தியாச்சே, இனிஷியல அப்பாவோட முழுப் பேரா விரிச்சு, ரெண்டும் ஒரே ஆளுன்னு முடிவு பண்ணி, பழைய பில்லு நெறைய இருக்கற ரெக்கார்ட முதன்மையா வச்சு ஒண்ணாக்கிருச்சு. எங்க சிஆர்எம்ல மெர்ஜ் பண்ணிட்டா திரும்பப் பிரிக்க முடியாது. காலைல ஆஃபர் மெசேஜ் அப்பா பேருக்குப் போயிருக்கு.

ஃபோன்ல மகன் கத்தல. "எங்கய்யன் போயி ரெண்டு வருசம் ஆச்சுங், அவருக்கு எதுக்குங் தள்ளுபடி"ன்னாரு. கத்தியிருந்தா தேவலை. அப்பறம் தான் டோஸ் விட்டாரு.

ஏஜென்ட் வித்த கம்பெனி சப்போர்ட்ல கேட்டா பிராம்ப்ட்ட, அதாவது ஏஜென்ட்டுக்கு நாம எழுதிக் குடுக்கற உத்தரவ, இன்னும் தெளிவா எழுதுங்கன்னு பதில். மூணு தடவ எழுதியாச்சு, "இனிஷியல விரிக்காதே"ன்னு. ரெண்டு வாரம் கேக்கும், அப்பறம் பழைய புத்தி. மெர்ஜ் டூல நேத்தே புடுங்கிட்டேன், இனி ரெண்டு ரெக்கார்டு ஒண்ணு மாதிரி இருந்தா லிஸ்ட் மட்டும் குடுக்கும், கிளிக் பண்றது நான் தான். முதல் நாளே இப்படிப் பண்ணியிருக்கணும், அது என் தப்பு, ஒத்துக்கறேன்.

ஈரோட்டுக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆடி கதையும் சொன்னேன், "அப்பறம் ஏன்டா வேண்டாங்கற"ன்னான். வேண்டாம்னா வேண்டாம்டா, வையி ஃபோனன்னேன்.

இன்னிக்குச் சாயந்தரம் பல்லடம் போயி நேர்ல பாத்துட்டு வரணும். எனக்கு ஞாபகப்படுத்தத் தேவையே இல்லாம ஏஜென்ட்டே அந்த கால் ரெக்கார்டிங்க கேட்டு டாஸ்க் போட்டு வச்சிருக்கு: "வாடிக்கையாளர் வருத்தத்தில் இருக்கிறார், நேரில் சந்திக்கவும்." வாடிக்கையாளர் பேரு இருக்கற இடத்துல அப்பா பேரு.