டிஎஸ்சி_0412 என்றால் பெரியப்பா: படக் கோப்புக்கு எந்தப் பெயர் நல்லது?

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டியிருந்தது. அட்டைக்கு எந்தப் படம் என்பதில் வீட்டில் ஒருவருக்கும் மறுபேச்சில்லை. கொழும்புக் காலிமுகத்திடலில் பேரனுக்குப் பட்டம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, நூலைப் பிடித்தபடி அண்ணாந்து சிரிக்கிறாரே, அந்தப் படம்தான். எடுத்தவன் நான். ஆனால் அது என் கணினியில் எந்த மூலையில் கிடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

கேட்ட பத்தாவது நிமிடம் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அச்சகத்து அண்ணை அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது போனில பாக்கத்தான் சரி. ஒரிஜினல் இருந்தால் கொண்டு வாங்கோ" என்றார். ஏ5 அட்டை முழுக்க, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சடிக்க 1748க்கு 2480 பிக்சல் வேண்டும். ஐந்தாறு கை மாறி வந்த படத்தில் அதில் பாதிகூட இல்லை.

இரண்டு இரவு தேடினேன். 'புதிய போல்டர் (3)' என்ற போல்டருக்குள், டிஎஸ்சி_0412 என்ற பெயரில் பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மலர் அச்சாகி முடிந்தது. அப்புறம் அந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு, ஆட்கள் படக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கிற ஒவ்வொரு முறையையும் போட்டுப் பார்த்தேன். எந்த முறையில் வைத்திருந்தால் இரண்டு இரவு மிச்சமாகியிருக்கும் என்பதுதான் கேள்வி.

கமரா வைத்த பெயரை அப்படியே விடுவது

சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. கமராக்கள் டிசிஎஃப் என்ற தரத்தின்படி பெயர் வைக்கின்றன: நான்கு எழுத்து, நான்கு இலக்கம். நிக்கன் என்றால் டிஎஸ்சி_, கெனன் என்றால் ஐஎம்ஜி_. கமரா பதிந்த மூலத் தரவான ரோ கோப்பும், சுருக்கிய ஜேபெக் கோப்பும் சேர்த்து எடுத்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் வரும், ஜோடி பிரியாது. கலியாண அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்யும்போது மணமகளின் சித்தி போனில் "412, 430, பிறகு அந்த 451" என்று சொல்லலாம். ஸ்டூடியோக்காரர்கள் இந்தப் பெயரை மாற்ற விரும்பாததற்கு அதுவே போதுமான காரணம்.

வினை எங்கே என்றால், அந்த இலக்கம் 9999 வரை ஓடி மறுபடி 0001க்கு வந்துவிடும். வீட்டில் இரண்டு கமரா இருந்தால் அதுவரைக்கும்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. ஒருமுறை திருகோணமலைப் பயணத்துப் படங்களை எல்லாம் ஒரே போல்டருக்குள் தள்ளினேன். மாற்றவா, விடவா, இரண்டையும் வைக்கவா என்று விண்டோஸ் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் மாற்று என்று அழுத்தினேன். கோணேஸ்வரத்து ஏற்றத்தில் எடுத்த அறுபதுக்கு மேற்பட்ட படங்களின் இடத்தில் இன்றைக்கு யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக் இருக்கிறது.

நிகழ்ச்சிக்கு ஒரு போல்டர்

பெரும்பாலான வீடுகளில் இதுதான். 'அக்கா கலியாணம்', 'கண்டிப் பயணம்', 'சாமத்தியவீடு'. மனித மூளை நினைவு வைத்திருக்கிற விதத்துக்கு இது பொருத்தமாக இருப்பதால் முதல் இரண்டு வருடம் நன்றாகவே ஓடும். பிறகு 'கண்டிப் பயணம் 2' வரும், 'கண்டி புதுசு' வரும். பெரியப்பாவின் பட்டப் படம் எந்த நிகழ்ச்சி? ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இஸ்ஸோ வடை வாங்கிச் சாப்பிட்டோம், அவ்வளவுதான். நிகழ்ச்சி இல்லாத நாட்களின் படங்கள்தான் பின்னால் மதிப்புப் பெறுகின்றன. இந்த முறையில் அவற்றுக்குத்தான் வீடே இல்லை. 'புதிய போல்டர் (3)' பிறப்பது இப்படித்தான்.

ஆளுக்கு ஒரு போல்டர் வைப்பது இன்னும் மோசம். பெரியப்பாவும் பேரனும் ஒரே படத்தில் நின்றால் இரண்டு பிரதி எடுக்க வேண்டும். அதைப் பற்றி இதற்கு மேல் பேசத் தேவையில்லை.

திகதியை முன்னால் வைப்பது

2012-08-26_1742_காலிமுகத்திடல்_பட்டம். வருடம், மாதம், நாள் என்ற இந்த வரிசை ஐஎஸ்ஓ 8601 என்ற தரத்தில் உள்ளது. முதல் பதிப்பு 1988இல் வந்தது. நாங்கள் கையால் எழுதுவது 26/08/2012. அதைக் கோப்புப் பெயரில் போட முடியாது, சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது. சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்டு நாளை முன்னால் வைத்தால், எல்லா வருடத்து ஒன்றாம் திகதிகளும் ஒரே இடத்தில் கூடி நிற்கும். வருடம் முன்னால் நின்றால் எந்தக் கணினியிலும், எந்தப் பென் டிரைவிலும் படங்கள் நடந்த வரிசையில் தானாக நிற்கும். நேரத்தில் முக்காற்புள்ளிக்கும் இடமில்லை. அதனால்தான் 1742 என்று ஒட்டி எழுதுகிறேன்.

கோப்பு போல்டரை விட்டு வெளியே போனாலும் திகதி கூடவே போகும். போல்டர் முறைக்கு இல்லாத பலம் இது. கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் படம் ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்காதே. வெள்ளவத்தையில் எடுத்தது மறுநாள் லண்டனில் இருக்கும்.

கையால் பெயர் மாற்றத் தேவையும் இல்லை. எடுத்த நேரம் எக்சிஃப் என்ற தகவலாக ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது. 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் எக்சிஃப்டூல் மென்பொருளோ டிஜிகாம் மென்பொருளோ அதைப் படித்து ஆயிரம் கோப்புக்குக் கண்மூடித் திறப்பதற்குள் பெயர் வைத்துவிடும். விண்டோஸில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து எஃப்2 அழுத்தினால் ஒரே பெயருக்குப் பின்னால் (1), (2) என்றுதான் வரும். அவசரத்துக்கு உதவும், அவ்வளவே.

ஆனால் திகதி என்பது கமராவின் கடிகாரம் சொல்கிற திகதி. அங்கேதான் இந்த முறை கால் தடுக்கும். 1996 முதல் முன்னால் ஓடிக்கொண்டிருந்த இலங்கைக் கடிகாரம் 2006 ஏப்ரலில், புத்தாண்டோடு, அரை மணி பின்னுக்கு வந்தது நினைவிருக்கும். சுவர்க் கடிகாரத்தை எல்லோரும் மாற்றினோம். கமராவை யார் மாற்றியது? என் 2006ஆம் ஆண்டுப் படங்களில் மிச்சம் எல்லாம் அரை மணி முன்னால் நிற்கின்றன. ஒரு கமரா மட்டும் என்றால் பரவாயில்லை. கலியாணத்தில் இரண்டு கமரா, ஒன்றின் கடிகாரம் பிழை என்றால், தாலி கட்டி முடித்த பிறகு மாப்பிள்ளை மண்டபத்து வாசலில் வந்து இறங்குவார். பெயர் மாற்றுவதற்கு முன்பே ஒரு கமராவின் படங்களை மட்டும் எடுத்து நேரத்தை நகர்த்திவிட வேண்டும். எக்சிஃப்டூலிலும் டிஜிகாமிலும் அதற்கு வசதி உண்டு.

போன்களில் இன்னொரு கூத்து. கூகுளின் பிக்சல் போன்கள் கோப்புப் பெயரில் போடுவது கிரீன்விச் நேரத்தை ஒட்டிய உலகப் பொது நேரம். 2024 ஜனவரி 15, தைப்பொங்கல் விடியல் 5.10க்குப் பானை பொங்கி வழிவதை எடுத்தால், பெயரில் ஜனவரி 14, 23.40 என்று இருக்கும். பொங்கல் போகிக்குப் போய்விடும். உள்ளே இருக்கிற எக்சிஃப்பில் 5.10 சரியாகவே இருக்கும். ஆகவே போன் தந்த பெயரைப் பார்த்துத் திகதி எழுதாமல் எக்சிஃப்பைப் பார்த்து எழுதுவது நல்லது. வட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். அது எக்சிஃப்பைக் கழற்றிவிடுகிறது, ஆண்ட்ராய்டில் பெயரில் நிற்பது வந்து சேர்ந்த நாள். ஒரிஜினல் அனுப்ப வேண்டுமானால் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பெயரும் தகவலும் அளவும் அப்படியே வரும். மச்சாளுக்கு இப்போது இது பழகிவிட்டது.

தமிழிலா, ஆங்கில எழுத்திலா?

திகதிக்குப் பின்னால் வருகிற சொல்லை எந்த எழுத்தில் எழுதுவது என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. தம்பி ஆங்கில எழுத்துக் கட்சி. எந்தக் கணினியிலும் ஓடும் என்பான், அது உண்மை. ஆனால் கலியாணம் என்பதை அவன் நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறான். ஒன்றைத் தேடினால் மற்ற மூன்றும் வராது.

தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டல் ஓரளவுக்கு நிலைக்கும். ஆனால் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருக் காலத்தில் வைத்த பெயர்கள் இன்று அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோட்டில் அந்தப் பிரச்சினை இல்லை, வேறு இருக்கிறது. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் எல்லை. தமிழில் எழுத்து, அதோடு சேரும் கொம்பு, சுழி, புள்ளி என்று ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'கொழும்பு' என்ற ஒரு சொல்லே எட்டுக் குறி, 24 பைட். பழைய ஜிப் மென்பொருள்களில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறி வரிசையாக மாறிவிடுவதும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் 'கொ'. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை ஒகரக் குறியைப் பிரித்து, கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகச் சேமிக்கும். விண்டோஸில் தட்டச்சுச் செய்தால் பெரும்பாலும் ஒரே குறியாக இருக்கும். பார்க்க இரண்டு கொழும்பும் ஒன்றுதான். ஆனால் குறிகளை அப்படியே ஒப்பிடுகிற தேடலுக்கு அவை வேறு வேறு ஊர். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, கொள்ளுப்பிட்டி: இந்த நகரத்தில் அந்தக் குறி வருகிற இடங்களுக்குக் குறைவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான் தமிழ்க் கட்சிதான். திகதி எண்ணில் இருக்கிறது, தமிழ்ச் சொல் உடைந்தாலும் கோப்பு தன் இடத்தில் நிற்கும். சொல்லைக் குறுக்கமாக வைத்தால் போதும்.

கூகுளிடம் விட்டுவிடுவது

அம்மாவுக்கு இதுதான் சரி, அதில் எனக்கு வாதமே இல்லை. கூகுள் போட்டோஸ் முகத்தை அடையாளம் கண்டு பெரியப்பாவின் படங்களை ஒரே இடத்தில் கூட்டித் தருகிறது. என் இரண்டு இரவுத் தேடல் அங்கே இரண்டு நிமிடம். ஆனால் 2015இல் வந்த கூகுள் போட்டோஸ், சற்றுச் சுருக்கிய படங்களை எல்லையில்லாமல் இலவசமாக வாங்கி வைத்தது 2021 ஜூன் 1 வரைதான். இப்போது மெயிலும் சேர்த்து 15 ஜிபி. வெளியே எடுத்தால், அங்கே உட்கார்ந்து எழுதிய குறிப்புகளும் திருத்திய திகதிகளும் படத்துக்குள் இல்லாமல் ஜேசன் என்ற தனிக் கோப்பாக வரும். அதற்கு முன் கூகுளின் பிக்காசா என்ற படச் சேவை இருந்தது, 2016இல் அதையும் நிறுத்தினார்கள். தேடுவதற்கு நல்ல இடம், ஒரே பிரதியை வைப்பதற்கு இல்லை.

சரி, என் கணினியில் இப்போது என்ன இருக்கிறது? வருடத்துக்கு ஒரு போல்டர். அதற்குள், நிகழ்ச்சி இருந்தால் திகதியோடு ஒரு போல்டர், இல்லாவிட்டால் மாதம். கோப்புப் பெயரில் திகதி, நேரம், ஒன்றிரண்டு தமிழ்ச் சொல், கடைசியில் கமரா தந்த நான்கு இலக்கம். சித்தி 412 என்று கேட்டால் கொடுக்க வேண்டுமே. படத்தில் யார் யார் என்பதை டிஜிகாமில் எழுதிப் படத்துக்குள்ளேயே பதிக்கிறேன். பெயரில் ஆட்களை அடுக்கினால் 255 பைட் போதாது, எங்கள் குடும்பம் பெரிது.

மென்பொருளால் முடியாத ஒரு போல்டர் மட்டும் மிச்சம் இருக்கிறது. 1983 யூலையில் வீடு எரிந்தபோது அல்பங்களும் போய்விட்டன. அதற்கு முந்தைய படங்கள் ஊரில் உறவினர் வீடுகளில் இருந்து கிடைத்த ஒன்பதுதான். ஸ்கேன் செய்த படத்துக்குள் இருக்கும் திகதி ஸ்கேன் செய்த நாள், எனவே தானியங்கிப் பெயர் அவற்றை 2014க்குக் கொண்டுபோய்விட்டது. ஒவ்வொன்றாக அம்மாவிடம் காட்டிக் கேட்டுக் கையால் பெயர் வைத்தேன். மாதம், நாள் தெரியாத இடத்தில் 00. எட்டுக்கு அம்மா வருடமும் ஆளும் சொன்னார். ஒன்பதாவதுக்கு வருடம் மட்டும்தான்: வெள்ளவத்தைக் கடற்கரை, தண்டவாளம், பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. அதன் பெயர் இப்போதைக்கு 1976-00-00_வெள்ளவத்தை_யாரோ.